தலைமடை முதல் கடைமடை வரை: காவிரி டெல்டாவில் பைக்கில் போக நினைப்பவர்களுக்கு

டெல்டாவுக்கு வரும் வெளிநாட்டுச் சொந்தங்கள் பெரும்பாலும் ஒரு இன்னோவாவை வாடகைக்குப் பிடித்து, நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் இரண்டே நாளில் முடித்து, இடுப்பு வலியோடு திருச்சி விமான நிலையத்துக்குத் திரும்புகிறார்கள். பைக்கில் போக ஆசைப்படுபவர் அந்தப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். இங்கே ஊர்களும் கோயில்களும் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்தவை. கல்லணையில் பிரியும் தண்ணீர் எந்த வழியாகக் கடலுக்குப் போகிறதோ, அந்த வழியைப் பிடித்துக்கொண்டு போனால் மதகு, மண்டபம், நெல் களஞ்சியம், கோட்டை எல்லாம் தானாக எதிரே வரும். ஒரு வாரம் ஒதுக்கினால் ஓட்டமும் நடையுமாக இல்லாமல் பார்க்கலாம்.

முதலில் காகித வேலை

ஊரில் இறங்கியதும் சித்தப்பா மகன் சாவியை நீட்டி, "எடுத்துட்டுப் போங்கண்ணே, யாரு கேக்கப் போறா" என்பான். கேட்பார்கள். போலீஸ் கேட்காவிட்டாலும், விபத்து என்று ஒன்று நடந்தால் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது ஓட்டியவரின் உரிமத்தைத்தான். சர்வதேச ஓட்டுநர் அனுமதியை உங்கள் உரிமம் எந்த நாட்டுடையதோ அந்த நாட்டிலேயே வாங்கிக்கொண்டு வரவேண்டும். இங்கே வந்து வாங்க முடியாது. அதில் இருசக்கர வாகனப் பிரிவுக்கு முத்திரை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். கார் ஓட்ட மட்டும் உரிமம் உள்ளவர் பின்னால் உட்காரட்டும், தம்பி ஓட்டட்டும். உரிமம் இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 5,000 ரூபாய், ஹெல்மெட் இல்லையென்றால் 1,000. பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கிளம்பும் முன் உங்கள் பயணக் காப்பீட்டு ஆவணத்தைப் படித்துப் பாருங்கள். பைக் விபத்தை முழுக்க விலக்கிவைக்கும் பாலிசிகளும் உண்டு, இத்தனை சிசிக்கு மேல் கிடையாது என்பவையும் உண்டு.

வாடகை வண்டி என்றால் நம்பர் பலகை கறுப்பாகவும் எழுத்து மஞ்சளாகவும் இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். சொந்தக்காரர் வண்டி என்றால் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டு வண்டிகளில் அந்தக் கடைசிச் சான்றுதான் பெரும்பாலும் காலாவதியாகிக் கிடக்கும்.

புல்லட்டில் போகத்தான் மனசு சொல்லும். ஆனால் ஆற்றங்கரைச் சாலை ஒரு பஸ் அகலம்தான். எதிரே டவுன் பஸ் வந்தால் நாம் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும், ஒரு பக்கம் வாய்க்கால். அப்போது தெரியும் புல்லட்டின் எடை. 100 அல்லது 125 சிசி வண்டி போதும். ஸ்ப்ளெண்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்க்கும் மெக்கானிக் எல்லா ஊர் முனையிலும் இருக்கிறார்.

எந்த மாதம்

மேட்டூர் அணையைத் திறக்க வழக்கமான நாள் ஜூன் 12. அணையில் தண்ணீர் இருந்து அன்றைக்குத் திறந்தால் ஜூலை, ஆகஸ்டில் ஆறுகள் ஓடும். பள்ளி விடுமுறையில் வருபவர்களுக்கு வெயில் கடுமைதான் என்றாலும் ஆடிப்பெருக்கைக் கரையில் நின்று பார்க்கலாம். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. புயல் வந்தால் முதலில் அடிவாங்குவது இந்தக் கரைதான். 2018 நவம்பரில் கஜா சாய்த்த தென்னைகளைப் பற்றி வேதாரண்யம் பக்கம் இன்னும் பேசுவார்கள். என்னைக் கேட்டால், ஜனவரியும் பிப்ரவரி முதல் பாதியும்தான் சரி. சம்பாப் பயிர் கதிர் முற்றி நிற்கும், காலையில் பனி இருக்கும், திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையும் பெரும்பாலும் ஜனவரியில்தான் வரும்.

அறுவடைக் காலத்துக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. தார்ச் சாலையின் பாதி களமாகிவிடும். நெல்லைப் பரப்பி, ஓரத்தில் கருங்கல் வரிசை வைத்திருப்பார்கள். ஓர் அம்மா வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகக் கிளறிவிட்டுக்கொண்டே நடப்பார். அந்தக் கல்லில் முன்சக்கரம் ஏறினால் அவ்வளவுதான். நெல் மேல் ஏற்றவும் கூடாது. அது வழுக்கும், அதோடு அது ஒரு குடும்பத்தின் வருமானம். வைக்கோல் கிடந்தால் இன்னும் மெதுவாகப் போங்கள், செயினிலும் சைலன்சரிலும் சுற்றிக்கொள்ளும். வளைவில் திடீரென்று சாலையை அடைத்துக்கொண்டு அறுவடை எந்திரம் வரும், அது போனதும் வாத்துக் கூட்டம் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வயல் பூச்சிகள் முகத்தில் வந்து மொய்க்கும். ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினால் எதிர் விளக்கில் கண் கூசும், ஏற்றினால் கண்ணுக்குள் பூச்சி. பின்விளக்கு இல்லாத டிராக்டர்களும் அந்த நேரத்தில்தான் வீடு திரும்பும். இருட்டுவதற்குள் அறைக்குப் போய்விடுங்கள்.

கல்லணையிலிருந்து குடந்தை வரை

திருச்சியில் இருந்து தஞ்சாவூர் நாலுவழிச் சாலையை மறந்துவிடுங்கள். திருவானைக்காவலில் கிழக்கே திரும்பி, உத்தமர்சீலி வழியாகக் கல்லணைக்குப் போங்கள். ஒரு பக்கம் காவிரி, மறுபக்கம் கொள்ளிடம், நடுவே வாழைத் தோப்புகள். கல்லணையில் தண்ணீர் நாலாகப் பிரிகிறது: காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934-ல் மேட்டூர் அணையோடு வந்த கல்லணைக் கால்வாய். அந்தக் கால்வாய்க்குப் 'புது ஆறு' என்றுதான் இங்கே பெயர். கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் பழைய அணை மேலே தெரியாது. ஆங்கிலேயர் காலத்துக் கட்டுமானம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1830-களில் முக்கொம்பில் மேலணையைக் கட்டியதும் இந்தப் பழைய அணையைப் பார்த்துப் படித்த பாடத்தில்தான். செல்பி எடுத்ததும் கிளம்பிவிடாமல் மதகுகள் மேல் வரிசையாக நடந்து பாருங்கள். எந்த ஆற்றில் எவ்வளவு விடுகிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டால், கீழே போகப்போக எந்த வாய்க்கால் ஏன் வறண்டு கிடக்கிறது என்பது விளங்கும்.

கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி தாண்டித் திருவையாறு. 1847-ல் மறைந்த தியாகராஜரின் சமாதி காவிரிக் கரையில் இருக்கிறது. அதற்குக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தேவதாசி மரபில் வந்த அவர் தன் சொத்தைச் செலவழித்துக் கட்டிய இடத்தில், ஒரு காலத்தில் பெண்கள் பாடவே அனுமதி இல்லை. அவருடைய சமாதியும் பக்கத்திலேயே இருக்கிறது. வருபவர்களில் பலர் கவனிப்பதே இல்லை. அப்புறம் அசோகா. பாசிப்பருப்பில் செய்யும் அல்வா மாதிரியான இனிப்பு, வாழை இலைத் துண்டில் சூடாகத் தருவார்கள். நெய் கையில் வழியும், கிளவுஸைக் கழற்றிவிட்டுச் சாப்பிடுங்கள்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்குக் காவிரியை ஒட்டியே ஒரு சாலை உண்டு. திருப்பழனம், கணபதி அக்ரஹாரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று ஊர்கள் வரும். கபிஸ்தலத்தில் தெற்கே திரும்பிப் பாபநாசத்துக்கு ஒரு நடை போய் வாருங்கள். அங்கே பாலைவனநாதர் கோயிலில், நாயக்கர் காலத்துச் செங்கல் நெற்களஞ்சியம் ஒன்று கூம்பு வடிவக் கூரையோடு நிற்கிறது. ஆற்றுத் தண்ணீர் கடைசியில் என்னவாகிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் கட்டடம் டெல்டாவில் இல்லை. சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை.

சுவாமிமலையில் ஸ்தபதிகளின் பட்டறைகள் பார்வைக்குத் திறந்தே இருக்கும். மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். சிலை வாங்கினால் முறையான ரசீது வாங்குங்கள். இது பழம்பொருள் அல்ல, புதிதாக வார்த்தது என்பதற்குச் சான்று இல்லையென்றால் விமான நிலையத்தில் பேச்சு நீளும். பெரிய சிலை என்றால் தொல்லியல் துறையின் சான்று பற்றிப் பட்டறையிலேயே கேட்டுவிடுங்கள், அவர்களுக்கு வழி தெரியும்.

கும்பகோணத்தில் இரண்டு இரவாவது தங்கலாம். 2028-ல் மகாமகம் வருகிறது. அந்த ஆண்டு மாசியில் வருவதாக இருந்தால் அறையை இப்போதே யோசியுங்கள். தமிழ்நாட்டு நெடுஞ்சாலை முழுக்கப் பித்தளை டம்ளர் படத்தோடு 'கும்பகோணம் டிகிரி காபி' என்று பலகை தொங்குகிறது, இங்கேயோ பலகை இல்லாத கடையில்தான் நல்ல காபி. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு இருக்கிறது. ஒரு திண்ணை, ஒரு சின்ன அறை, ஐந்து நிமிடம் போதும், ஆனால் போங்கள். இரண்டாம் இராசராசன் கட்டிய தாராசுரத்துக்குக் காலை ஏழு மணிக்குள் போனால் கல் சுடாது, சிற்பங்களில் வெளிச்சம் பக்கவாட்டில் விழும். பொதுவாகப் பன்னிரண்டரைக்கு நடைசாத்தினால் நாலு மணிக்குத்தான் கோயில்கள் திறக்கும். அந்த நேரத்தில் வண்டி ஓட்டாதீர்கள், தூங்குங்கள்.

கடலோரம்

திருபுவனம், ஆடுதுறை, மயிலாடுதுறை என்று கிழக்கே போகப்போகக் காவிரி இளைத்துக்கொண்டே வரும். பூம்புகாரில் மாபெரும் சங்கமத்தை எதிர்பார்த்து வருபவர்களுக்கு ஏமாற்றம்தான். அங்கே அது ஒரு வாய்க்கால் அளவுக்குத்தான் இருக்கிறது. வழியில் இத்தனை மதகுகளிலும் வயலுக்குக் கொடுத்துவிட்டு வந்த ஆறு வேறு எப்படி இருக்கும்.

தரங்கம்பாடிக்கு அரை நாள் வேண்டும். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, 1706-ல் வந்திறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1718-ல் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம், பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயில் எல்லாம் ஒரே தெருவின் நடைதூரத்தில் இருக்கின்றன. வண்டியை நுழைவாயிலிலேயே நிறுத்திவிட்டு நடங்கள். அரசு அருங்காட்சியகங்கள் பல வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், அன்றைக்கு வைத்துக்கொள்ள வேண்டாம்.

காரைக்கால் புதுச்சேரி நிர்வாகம். சரக்கு மலிவு என்று பாட்டிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு எல்லை தாண்டினால் சோதனைச் சாவடியில் மாட்டுவீர்கள். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு கூட்டத்தில் சிக்காமல் சுற்றிப் போங்கள். நாகூரில் தர்கா, அப்புறம் இறால் வைத்த வாடா, இரண்டையும் விடக்கூடாது.

மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்கு நாகப்பட்டினம் வெறும் வழி ஊர் இல்லை. ரஜூலா கப்பல் இங்கே ஆளேற்றிக்கொண்டுதான் பினாங்குக்குப் போனது. தாத்தாவின் பழைய காகிதத்தில் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 1991-ல் நாகப்பட்டினமும், 1997-ல் திருவாரூரும், 2020-ல் மயிலாடுதுறையும் தனி மாவட்டங்களாகிவிட்டன. மாயவரம் என்று எழுதியிருந்தால் அது மயிலாடுதுறைதான். கிராமத்தின் பெயரோடு தாலுகா பெயரும் தெரிந்தால் கண்டுபிடிப்பது எளிது. கிராம நிர்வாக அலுவலரைவிட டீக்கடைப் பெரியவர் சீக்கிரம் சொல்லிவிடுவார்.

அதே பெரியவர் "எந்தத் தெரு?" என்றும் கேட்கலாம். டெல்டாவில் அது முகவரி விசாரிப்பது இல்லை, சாதி விசாரிப்பது. "நான் கனடா" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். நாகை, திருவாரூர் சாலையில் கீழ்வேளூரிலிருந்து தெற்கே தேவூர் பக்கம் திரும்பினால் கீழவெண்மணி. கூலி உயர்வு கேட்டுப் போராடிய விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை, பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அங்கே நினைவிடம் இருக்கிறது. பசுமையாகத் தெரியும் இந்த வயல்களில் யார் வேலை செய்தார்கள், யாருக்கு விளைந்தது என்பதைத் தெரிந்துகொள்ளாமல் போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டு போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேளாங்கண்ணியைத் தாண்டினால் வேதாரண்யம். 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் கிளம்பிய ராஜாஜியின் உப்பு யாத்திரை முடிந்த ஊர். தொண்டர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று தஞ்சைக் கலெக்டர் எச்சரித்ததால், சாலையோர மரக்கிளைகளில் சோற்றுப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டார்கள் ஊர்க்காரர்கள். நினைவுத் தூண் அகஸ்தியம்பள்ளியில், உப்பளங்களுக்கு நடுவே இருக்கிறது. பெட்ரோலை வேதாரண்யத்திலேயே போட்டுக்கொண்டு கோடியக்கரைக்குப் போங்கள். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதியோடுதான் போக முடியும். வெளிமான் எப்போதும் உண்டு, பூநாரை வேண்டுமென்றால் குளிர்காலம். குரங்குகள் சீட்டுப் பையைத் திறக்கத் தெரிந்தவை.

திரும்பும் வழி

வந்த வழியே போகாமல் முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாகத் திரும்புங்கள். கடற்கரையில் மனோரா இருக்கிறது. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி எழுப்பிய எட்டடுக்குக் கோபுரம் அது. ஆங்கிலேயரின் வெற்றிக்குத் தஞ்சாவூர் ராஜா கோபுரம் கட்டிய கதை ரசிக்கத்தக்கது. அதே சரபோஜி தன் காதலி முத்தாம்பாள் பெயரில் ஒரத்தநாட்டில் ஒரு சத்திரமும் கட்டினார். ராமேஸ்வரத்துக்கு நடந்து போன யாத்திரிகர்களுக்கு அங்கே தங்க இடமும் சோறும் கிடைத்தன. இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் சத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். வழியிலேயே இருக்கிறது, கூட்டமும் இருக்காது. அங்கிருந்து தஞ்சாவூர் முக்கால் மணி நேர ஓட்டம். நாலரைக்குக் கிளம்பினால் பெரிய கோயிலில் வெயில் இறங்குவதற்குள் சேர்ந்துவிடலாம், வண்டி நிறுத்த இடமும் கிடைக்கும்.