அழுத்தக் கழிப்பறையில் ஃப்ளஷ் வலுவிழந்தால்

சிகாகோவில் நான் பராமரிக்கும் கட்டடத்தில் அழுத்தத் தொட்டி வைத்த கழிப்பறைகள்தான். தண்ணீர் உள்ளே ஏறும்போது காற்றை இறுக்கும். அந்தக் காற்றுதான் தண்ணீரைப் பீச்சித் தள்ளும். ஃப்ளஷ் சோம்பினால் பலரும் உடனே கார்ட்ரிட்ஜை, அதாவது தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் உள்வால்வை, மாற்றிவிடுகிறார்கள், வீண் செலவு. முதலில் தண்ணீர் வரத்தைப் பாருங்கள். சுவரோர வால்வு முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அழுத்தம் 20 பிஎஸ்ஐக்கு (சதுர அங்குலத்துக்கு 20 பவுண்டு) குறையக் கூடாது.

சரி என்றால், வால்வை மூடி ஒருமுறை ஃப்ளஷ் செய்து அழுத்தத்தை இறக்குங்கள். இதைச் செய்யாமல் எதையும் கழற்றவே கூடாது. குழாய் நுழையும் இடத்துச் சல்லடையைக் கழற்றினால் பெரும்பாலும் துருவும் மணலும் அப்பியிருக்கும். பழைய பல்துலக்கியால் தேயுங்கள்.

அப்புறம் காற்று இழுக்கும் சிறு மூடி. வால்வைத் திறந்து தொட்டி நிரம்பும்போது அதன்மேல் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உறிஞ்சினால் நல்லது, அப்படியே நின்றால் அதைக் கழுவுங்கள். கார்ட்ரிட்ஜ் கடைசியில்தான்.

தொட்டி பழையதா? வெடிக்கும் அபாயத்தால் 2012-இல் ‘ஃப்ளஷ்மேட் 3’ என்ற வகை அழுத்தத் தொட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. வரிசை எண்ணைச் சரிபாருங்கள்.