திரித் துப்பாக்கியைக் கெட்டித்துச் சுடுவது எப்படி: 1607-ம் ஆண்டு டச்சு முறை

1607-ல் ஹேக் நகரில் ஓவியர் யாகோப் டெ கெய்ன் வெளியிட்ட பயிற்சிப் படங்களில் மஸ்கெட் (கனமான திரித் துப்பாக்கி) வீரனுக்கு மட்டும் 43 நிலைகள். எரிகிற திரியைக் கையில் வைத்துக்கொண்டே வெடிமருந்தைக் கையாள வேண்டும் என்பதை மறக்காமல் பார்த்தால், அந்த வரிசை தானே விளங்கும்.

வீரனிடம் இருப்பவை: மஸ்கெட், அதைத் தாங்கும் கவைக்கோல், தோள்வாரில் தொங்கும் மரக்குப்பிகள் (ஒவ்வொன்றிலும் ஒரு வெடிக்கான மருந்து), பற்றவைக்கும் நுண்மருந்துக் குடுவை, குண்டுப்பை, வெடியுப்புக் கரைசலில் ஊறிய திரி.

1. சுட்டதும் முதல் வேலை, கவ்வியிலிருந்து (விசையை அழுத்தினால் திரியை மருந்தில் இறக்கும் உறுப்பு) திரியைக் கழற்றி இடக்கை விரலிடுக்கில் செருகுவது. திரியின் இரு முனையும் எரியும். ஒன்று அணைந்தால் மற்றதில் பற்றவைக்கலாம்.

2. குழலின் பக்கத்தில் உள்ள சிறு மருந்துத் தட்டை ஊதிவிட்டு, நுண்மருந்து இட்டு மூடுங்கள். பிறகு துப்பாக்கியை உதறி, மூடிமேல் ஒட்டியதையும் ஊதித் தள்ளுங்கள். புதியவர்கள் தவறவிடுவது இதைத்தான். சிதறிய துகள் போதும், திரி அருகே வந்ததும் முகத்துக்கு நேரே பற்றிக்கொள்ளும்.

3. அடிக்கட்டையை இடப்பக்கம் தரையில் ஊன்றி, ஒரு குப்பி மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைப் போடுங்கள். 1599-ம் ஆண்டு டச்சு அளவுப்படி, குழல்துளை பவுண்டுக்கு 10 குண்டு அளவு, அதாவது ஒரு பவுண்டு ஈயத்தில் 10 குண்டு வார்த்தால் வரும் குண்டின் அளவு; போடும் குண்டோ பவுண்டுக்கு 12, ஏறத்தாழ 40 கிராம். கரி படிந்த குழலிலும் குண்டு இறங்கவே இந்த இடைவெளி. கெட்டிக்கும் குச்சியால் குண்டு மருந்தின்மேல் உட்காரும்வரை இடிக்க வேண்டும். பாதியில் நின்றால் குழலே வெடிக்கலாம்.

4. கவைக்கோலில் துப்பாக்கியை ஏற்றி, திரியைக் கவ்வியில் பொருத்துங்கள். விசையை மெல்ல அழுத்தி, கங்கு தட்டின் நடுவில் இறங்குகிறதா என்று பாருங்கள். திரி நீண்டிருந்தால் வளைந்து விலகும். குட்டையாக இருந்தால் கவ்விக்குள்ளேயே அணைந்துபோகும். தட்டின் மூடியை இரு விரலால் மறைத்துக்கொண்டு சாம்பலை ஊதுங்கள்.

5. மூடியைக் கடைசியில்தான் திறக்க வேண்டும். திறந்தால் உடனே குறி, உடனே வெடி. மழைக்காற்று அடித்தால் தட்டு மருந்து நனைந்துவிடும்.

ஒருவன் கெட்டிக்கும் நேரத்தில் எதிரி நெருங்கிவிடுவான். அதற்குத் தீர்வாக வில்லெம் லோடெவெய்க் 1594 டிசம்பர் 8 அன்று தன் உறவினரும் டச்சுப் படைத்தலைவருமான மவ்ரிட்ஸுக்குக் கடிதம் எழுதினார்: முன்வரிசை சுட்டதும் பின்னே போய்க் கெட்டிக்கட்டும், அடுத்த வரிசை சுடட்டும். அப்படிப் பின்னே போகும் வழி அகலமாக இருக்க வேண்டும். ஏனெனில் போகிறவன் கையில் திரி எரிந்துகொண்டிருக்கும், பக்கத்தில் ஒருவன் திறந்த மருந்துக் குப்பியோடு நிற்பான்.