தென்காசிப் பக்கம் குடிபோகணுமா? ஜூலையில் போய் வீடு பார்க்காதீர்கள்

குற்றாலச் சீசனுக்கு வந்து குளித்துவிட்டு, பார்டர் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது பொதிகை எக்ஸ்பிரஸில் உட்கார்ந்தபடியே "பேசாம இங்கயே ஒரு வீடு பார்த்து வந்துட்டா என்ன" என்று ஆரம்பிக்கிறவர்கள் நிறையப் பேர். நினைப்பில் தப்பில்லை. தென்காசி இருக்கத் தகுந்த ஊர்தான், 2019 நவம்பரில் தனி மாவட்டமான பிறகு அலுவலகம், ஆஸ்பத்திரி என்று முன்னைவிட வசதியும் கூடியிருக்கிறது. ஆனால் சாரலில் நனைந்துகொண்டே வீடு பார்க்கிறவருக்கு எந்த வீடும் நல்ல வீடாகத்தான் தெரியும். விருந்தாளி யாரும் இல்லாத நேரத்தில் ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதை எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலை செங்கோட்டைப் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து கணவாயாகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாக நுழைந்துவருவதால்தான் தமிழ்நாட்டின் பெரும்பாலான ஊர்கள் காய்ந்து கிடக்கிற ஜூன், ஜூலை, ஆகஸ்டில் இங்கே சாரல் விழுகிறது. ஆனால் இந்தச் சாரல் மாவட்டம் முழுக்கப் பொது இல்லை. குற்றாலம் சொட்டச் சொட்ட நனையும்போது, ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளித் தென்காசி ஊருக்குள் தூறல் இருக்கும், கிழக்கே பாவூர்சத்திரம் போனால் வெறும் காற்று, ஆலங்குளம் போனால் வெயில். "தென்காசியில பிளாட் சார், குற்றாலம் பக்கத்துலதான்" என்று புரோக்கர் சொல்கிற இடம் இந்தக் கோட்டில் எங்கே இருக்கிறது என்று மேப்பில் பாருங்கள். சாரல்தான் வேண்டுமென்றால் இலஞ்சி, மேலகரம், வல்லம், காசிமேஜர்புரம் என்று மேற்கே தேட வேண்டும். கிழக்கே போகப் போக வாடகை குறையும், சாரலும் குறையும்.

சாரல் அழகு, ஆனால் அதோடு குடித்தனம் நடத்துவது வேறு. மேற்குப் பார்த்த சுவரில் ஈரம் ஏறும், துணி மூன்று நாளானாலும் காயாது, பீரோவுக்குள் வைத்த தோல் செருப்பில் வெள்ளையாகப் பூஞ்சை படியும். காற்று அடிக்கிற வாரங்களில் மொட்டை மாடித் தகரம் ராத்திரி முழுக்கத் தடதடக்கும். வீடு பார்க்கும்போது மேற்குச் சுவரில், தரையிலிருந்து இரண்டடி உயரம் வரை கையை வைத்துப் பாருங்கள். பெயின்ட் உப்பலாக இருந்தாலோ, தட்டினால் பொத்பொத்தென்று சத்தம் வந்தாலோ ஒவ்வொரு சீசனிலும் அந்தச் சுவர் ஈரம் குடிக்கிறது என்று அர்த்தம். புதிதாக வெள்ளையடித்த வீடாக இருந்தால் இன்னும் கவனமாகத் தட்டுங்கள்.

அப்புறம் எப்போது போய்ப் பார்ப்பது? ஏப்ரல், இல்லையென்றால் மே முதல் வாரம். அருவிகள் வெறும் பாறையாக நிற்கும், குற்றாலத்துக் கடைகள் பாதி மூடிக்கிடக்கும், தென்காசியில் மத்தியானம் இரண்டு மணிக்கு நடந்தால் மற்ற ஊர் வெயில்தான் இங்கேயும். அந்த வெயிலில் நான்கைந்து நாள் இருங்கள். குற்றாலத்து லாட்ஜில் தங்க வேண்டாம், தென்காசி ஊருக்குள்ளேயே, முடிந்தால் தெரிந்தவர் வீட்டில், ஏசி இல்லாமல். காலையில் பழைய பேருந்து நிலையத்திலிருந்து நீங்கள் வாடகைக்குப் பார்க்கிற பகுதிக்குப் பஸ்ஸில் போங்கள், மினி பஸ் எத்தனை மணிக்கு ஒன்று, கடைசி வண்டி எப்போது என்று டீக்கடையில் விசாரியுங்கள். ராத்திரி ஒன்பதரைக்கு அதே தெருவில் நடங்கள். மருந்துக்கடை திறந்திருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, நாய்கள் விடுகிறதா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். சாயங்காலம் காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுர வாசலிலும் கொஞ்ச நேரம் நில்லுங்கள். கொளுத்துகிற கோடையிலும் அந்த வாசலுக்குள் காற்று பிய்த்துக்கொண்டு போகும், புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைய வேண்டும். பராக்கிரம பாண்டியன் 15-ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில், இடிந்துகிடந்த கோபுரத்தை மறுபடி எழுப்பி 1990-ல் கும்பாபிஷேகம் நடந்தது. ஊர் ஆட்கள் அங்கே வந்து சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நீங்களும் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால், எந்தப் புரோக்கரும் சொல்லாத விஷயமெல்லாம் அங்கே கிடைக்கும்.

தண்ணீரைப் பற்றி மூன்று பேரிடமாவது கேளுங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். வீட்டுக்காரர் "தண்ணிக்குப் பஞ்சமே இல்ல" என்பார், அது போர் தண்ணீர். குடிக்கிற தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது, எத்தனை மணிக்கு வருகிறது, மே மாதத்தில் எப்படி என்பதைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டால்தான் சரியான பதில் வரும். போர் தண்ணீரை ஒரு சில்வர் டம்ளரில் பிடித்து ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் ஓரத்தில் வெள்ளைக்கோடு படிந்திருந்தால் ஹீட்டரும் வாஷிங் மெஷினும் சீக்கிரம் போகும், கேன் தண்ணீர்ச் செலவையும் வாடகையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வயலாக இருந்து பிளாட் ஆன இடமென்றால் அக்டோபர், நவம்பர் மழையில் தெருவில் தண்ணீர் நின்றதா என்பதையும் அதே அக்காவிடமே கேட்டுவிடுங்கள்.

குற்றாலத்தை ஒட்டி வீடு பார்க்கிறவர்களுக்குத் தனியாக ஒன்று. சீசனில் அங்கே நாள் வாடகைக்கு விட்டால் மாத வாடகையைச் சில நாளிலேயே எடுத்துவிடலாம் என்பது எல்லா வீட்டுக்காரருக்கும் தெரியும். அதனால் பிப்ரவரியில் இனிக்க இனிக்கப் பேசி வீடு கொடுத்துவிட்டு, மே கடைசியில் "தங்கச்சி குடும்பம் வருது தம்பி" என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. வாய்ப்பேச்சு வேண்டாம், எழுத்தில் 11 மாத ஒப்பந்தம் போடுங்கள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அதற்குள் வருகிறதா என்று தேதியைப் பாருங்கள், எத்தனை மாத நோட்டீஸ் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வீடு கேட்டுப் போனால் வாடகை பேசுவதற்கு முன்னாலேயே "சொந்த ஊர் எது, அப்பா பேர் என்ன, நீங்க என்ன ஆளுக" என்று கேள்வி வரும். சுற்றி வளைத்து வந்தாலும் கேட்பது சாதிதான். பெரிய நகரத்தில் இது இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் சின்ன ஊரில் கதவைத் திறந்தவுடனே வரும். சிலர் கறி, மீன் சமைப்பீர்களா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கும், கல்யாணமாகாத பையன்களுக்கும் இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாக. இப்படிக் கேட்கிற வீட்டில் குடியேறினால் அந்தக் கேள்விகள் முதல் நாளோடு முடியாது என்பது என் எண்ணம். ரயில்வே, வங்கி, பள்ளி என்று மாற்றலாகி வந்தவர்கள் குடியிருக்கிற தெருக்களைக் கேட்டுத் தேடினால் இந்தத் தொல்லை குறையும்.

வேலை விஷயத்தில், வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் ஓரளவு பழக்கமான ஊர். பக்கத்தில் மத்தளம்பாறையில் சோஹோ என்கிற மென்பொருள் நிறுவனம் 2011-லேயே அலுவலகம் போட்டது, மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறவரை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை. ஆனால் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கென்று பகல் முழுக்க மின்சாரத்தை நிறுத்துவார்கள், நாள் முன்கூட்டியே செய்தித்தாளில் வரும். இன்வெர்ட்டர் வாங்குங்கள், அது சாயங்காலம் வரை தாங்குகிற அளவில் வாங்குங்கள். இணையத்துக்கு விளம்பரத்தைப் பார்க்காமல் அந்தத் தெருவில் யார் வீட்டில் எது ஓடுகிறது என்று கேட்டு அதையே போடுங்கள்.

வயதான பெற்றோரோடு வருகிறவர்கள் தூரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். தென்காசியில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது, தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. பெரிய சிகிச்சை என்றால் பாளையங்கோட்டைதான், ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். இதயம், சிறுநீரகம் என்று அடிக்கடி மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் திருநெல்வேலியில் குடியிருந்துகொண்டு சனி, ஞாயிறு இங்கே வருவது நல்லது. சென்னைக்கு ரயில் உண்டு, பொதிகை தினமும், சிலம்பு வாரத்தில் சில நாள், கொல்லம் வண்டியும் இந்த வழிதான். தீபாவளி, பொங்கலுக்கு முன்பதிவு திறக்கிற அன்றைக்கு, அதாவது பயணத்துக்கு 60 நாள் முன்னால், காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும், எட்டு ஐந்துக்கு உட்கார்ந்தால் வெயிட்டிங் லிஸ்ட். விமானம் என்றால் தூத்துக்குடியோ திருவனந்தபுரமோ, எதுவும் பக்கத்தில் இல்லை.

குடியேறும் எண்ணமெல்லாம் இல்லை, சும்மா சுற்றிப்பார்க்கத்தான் என்றால் ஜூலை சரி, ஆனால் வாரநாளில் வாருங்கள். ஆடி அமாவாசையன்று மட்டும் வேண்டாம், தலை நனைக்கவே வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். ராத்திரியும் விடியற்காலையும்தான் குளிக்க நல்ல நேரம், கூட்டம் குறைவு. எண்ணெய், சோப்பு, ஷாம்பு எதுவும் அருவியில் போடக் கூடாது. பேரருவியில் தண்ணீர் மேலே இருக்கிற வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தால் குளிக்க விடமாட்டார்கள், காவலர் விசில் அடித்தால் வாதாடாமல் வெளியே வாருங்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலம் அருவியில் திடீரென்று வந்த வெள்ளத்தில் ஒரு சிறுவன் இறந்துபோனான், அப்போது சீசன்கூட ஆரம்பிக்கவில்லை. கீழே வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்தால் தண்ணீர் நிமிஷத்தில் வந்துவிடும். ஒரு நாளை மிச்சம் வைத்து செங்கோட்டையிலிருந்து புனலூர் பக்கம் பகல் ரயிலில் போய் வாருங்கள். 1904-ல் ஓட ஆரம்பித்த மலைப்பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-ல் முழுக்கத் திறந்தார்கள், பதின்மூன்று கண் பாலம் அந்த வழியில்தான் வரும். சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக்கு ஜூலை கடைசி, ஆகஸ்டில் போங்கள். வயல் ஒருவருடைய பிழைப்பு, உள்ளே இறங்கிச் செடியை மிதித்துப் படம் எடுக்க வேண்டாம்.

மற்ற ஊர்களுக்கும் இதே முறைதான், மாதம்தான் மாறும். கும்பகோணம் என்றால் நவகிரகக் கோயில் சுற்றுலா பஸ்கள் வந்து குவிகிற சனிக்கிழமையில் பார்க்காதீர்கள், ஐப்பசி அடைமழையில் ஒரு புதன்கிழமை போய், சாக்கடை எப்படி ஓடுகிறது, கொசு எத்தனை மணிக்கு இறங்குகிறது என்று பாருங்கள். காரைக்குடி என்றால் மே மாதம். செட்டிநாட்டு வீட்டு முற்றத்தைப் பார்த்து மயங்கி வாடகைக்குக் கேட்காதீர்கள், ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், அத்தனை பேரும் சரி என்றால்தான் சாவி. கழனிவாசல் பக்கமோ கல்லூரிச் சாலைப் பக்கமோ சாதாரண வீடாகப் பாருங்கள், சென்னைக்குப் போக விடிகாலையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது.

கடைசியாக, தென்காசிக்கு நாள் குறிப்பது. ஆடியில் யாரும் வீடு மாறமாட்டார்கள், அதுதான் சீசனும்கூட, எனவே அந்த மாதம் குற்றாலம் பக்கம் வீடே கிடைக்காது, ஊருக்குள் ஒருவேளை பேரம் படியும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் கூட்டம். மாசியிலும் பங்குனியிலும் வீடு தேடி, சித்திரை வெயிலில் மறுபடி ஒருமுறை வந்து பார்த்து, பிடித்திருந்தால் அட்வான்ஸ் கொடுத்து, பள்ளி திறப்பதற்குள் வைகாசியில் பால் காய்ச்சிவிடுங்கள். சாமான் வண்டி மட்டும் சாரல் பிடிக்கிறதற்கு முன்னால் வந்து இறங்கட்டும், நனைந்த மெத்தையை ஆகஸ்ட் வரை காயவைக்க முடியாது.