வண்ணத்துக்கு முன்: சிறு உருவங்களை ஈடு ஈடாகத் தயாரித்தல்

1/72 அளவில் ஆறடி மனிதர் ஒருவர் சுமார் 25 மில்லிமீட்டர் உயரமே இருப்பார். அப்படிப்பட்ட பொம்மைப் போர்வீரர்களை ஒவ்வொருவராக வெட்டி, ஒட்டி, பூசிக்கொண்டிருந்தால் ஒரு படையணி எளிதில் முடியாது. நாற்பது பேரை ஒருசேரப் பரப்பிக்கொண்டாலோ பாதியிலேயே சலிப்புத் தட்டிவிடும். எனவே, இட்லி ஊற்றுவதைப் போல ஈடு கட்டிக்கொள்வதே நல்லது. ஓர் ஈட்டுக்குப் பத்து உருவங்கள் என்பது என் கணக்கு.

முதலில் உருவங்களை, அவை இணைந்தே வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவி உலர்த்த வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசப்படும் எண்ணெய்ப் பசை மிச்சமிருந்தால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு, கட்டரை உருவத்தோடு ஒட்டி வைக்காமல் சற்றுத் தள்ளி வெட்டிவிட்டு, மிஞ்சிய முனையைக் கத்தியால் சீவிவிடலாம்.

அதிகப் பொறுமை கேட்பது வார்ப்புக் கோடுதான். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உருவாகும் இந்த மெல்லிய வரம்பு, தலைக்கவசத்தின் உச்சியில் தொடங்கி, காதோரமாக இறங்கி, தோள், முழங்கை, கால்சட்டையின் பக்கவாட்டு வழியாகக் காலணி வரை ஓடும். மேசை விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால் கோட்டின் நிழல் விழுந்து அது தெளிவாகத் தெரியும். கத்தியின் முதுகுப்புறத்தைச் செங்குத்தாக நிறுத்தி மெல்லச் சுரண்ட வேண்டும். மடிப்புகளுக்குள் ஊசி அரம் போகும். வெள்ளிக் கொலுசுக்குப் பெயர்போன சேலத்தில், பட்டறைக்காரர்கள் கையாளும் மெல்லிய அரமே இதற்கும் போதும். பத்து உருவங்களிலும் முதலில் தலையை மட்டும், அடுத்து கைகளை மட்டும் என்று சுரண்டிப் பாருங்கள். கை பழகி வேகம் தானாகவே கூடும்.

இவையெல்லாம் பாலிஸ்டைரீன் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக்குக்குப் பொருந்தும். வளையும் பாலிஎத்திலீன் உருவங்களைச் சுரண்டினால் பிசிர் எழும். பாகங்களை ஒட்டும் பசையான பிளாஸ்டிக் சிமென்டும் அவற்றில் ஒட்டாது. ரெசின் உருவங்களாக இருந்தால், அரத்தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகமூடி அணிந்து வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்ப்பதே முறை.

ஒட்டிய பாகங்கள் காய்ந்ததும், மரப்பட்டையில் இருபுற டேப்பை ஒட்டி, பட்டைக்கு ஐந்து உருவங்களை ஒரு விரல் இடைவெளியில் நிறுத்தி, வண்ணத்துக்கு முந்தைய அடிப்பூச்சான பிரைமரை அடிக்கலாம். ஸ்பிரே டப்பாவை நன்றாகக் குலுக்கி, சுமார் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மெல்லிய பூச்சுகளாகவே அடிக்க வேண்டும். ஒருமுறை ஏற்காட்டில், மூடுபனி இறங்கிய மாலையில், மழை இல்லையே என்ற தைரியத்தில் ஓர் ஈட்டை முடித்தேன். காலையில் பத்துப் பேரும் சாம்பல் பூசியவர்களைப் போல வெளிறி, சொரசொரத்து நின்றார்கள். காற்றின் ஈரத்துக்கு மழை தேவையில்லை. சேலத்துச் சமவெளியில் வறண்ட முற்பகலே இதற்கு ஏற்றது. ஆனால் சித்திரை வெயிலில் பிரைமர் வழியிலேயே காய்ந்து தூளாகப் படியும் என்பதால் நிழலில் நின்று அடியுங்கள்.

சாம்பல் நிறப் பிரைமர் ஏறியதும், தப்பிய கோடுகள் பளிச்செனத் தெரியும். அவற்றைச் சுரண்டி, அந்த இடங்களில் மட்டும் மறுபூச்சு கொடுத்து, ஒரு நாள் தொடாமல் வைத்துவிட்டுப் பிறகு தூரிகையை எடுக்கலாம். அந்த ஒரு நாளில் அடுத்த பத்தைக் கழுவிவிடலாம்.