சென்ட் வாங்கும் முன் ஓர் இரவு பொறுங்கள்

கடையில் மணந்ததும் பிடித்துப்போன சென்டை உடனே வாங்காமல், வெள்ளைக் காகிதத் துண்டொன்றில் ஒருமுறை அடித்து, பெயரையும் எழுதி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மறுநாள் காலையில் மணந்து பார்த்து முடிவெடுங்கள். முதலில் மூக்கில் ஏறும் எலுமிச்சை, தோடம்பழ வாசனைகள் சீக்கிரம் ஆவியாகிவிடும். மட்டக்களப்பில் கச்சான் என்னும் சூடான, வறண்ட காற்று வீசும் மாதங்களில் இன்னும் வேகமாக. சந்தனம், வனிலா, கஸ்தூரி போன்ற கனமான அடிமணம்தான் உடுப்பில் நிற்கும். விலை கூடிய, சிறிய தயாரிப்பாளர்களின் போத்தல்களில் உண்மையான வேலைப்பாடு தெரிவதும் அங்கேதான் என்பேன். கொலோன் வகைகளுக்கு இது சரிவராது, அவை அந்த முதல் புத்துணர்ச்சிக்கென்றே செய்யப்படுபவை. அப்புறம், காத்தான்குடிப் பக்கம் வாங்கும் எண்ணெய் அத்தரைக் காகிதத்தில் சோதிக்க வேண்டாம். மணிக்கட்டில் ஒரு சொட்டுத் தடவுங்கள், உடல் சூட்டில்தான் அது விரியும்.