உடலில் அணியும் மருத்துவக் கருவிகளைத் திருகோணமலை வைத்தியசாலைகளுக்கு விற்பது எப்படி?

இதயத்துடிப்பு, ஒட்சிசன் செறிவு, ஈ.சி.ஜி. ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவு செய்யும் அணிகருவிகளை அரச வைத்தியசாலைக்கு விற்க விரும்புவோர் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது, அங்கே வாங்குபவர் என்று தனியொருவர் இல்லை என்பதாகும். கருவியைக் கையாள்பவர்கள் நோயாளர் விடுதியின் தாதியர். அது தேவை என்று எழுத்தில் கேட்பவர் வைத்திய நிபுணர். பணம் வருவதோ மத்திய சுகாதார அமைச்சிலிருந்து அல்லது மாகாண நிருவாகத்திலிருந்து. ஆகவே எந்த வைத்தியசாலைக்கு எங்கிருந்து நிதி வருகிறது என்பதைக் கணக்காளரிடம் கேட்டறிந்த பின்னரே விலைப்பட்டியலை நீட்ட வேண்டும். கிழக்கு மாகாணத்தின் நிருவாகத் தலைமையகம் திருகோணமலையிலேயே அமைந்திருப்பது இவ்வூர் விற்பனையாளருக்கு வாய்த்த வசதி. மத்திய அமைச்சின் பெரிய கொள்வனவுகளுக்குக் கொழும்பிலுள்ள உயிர்மருத்துவப் பொறியியல் சேவைகள் பிரிவை நாட வேண்டியிருக்கும். கடற்படை வைத்தியசாலையின் கொள்வனவு பாதுகாப்பு அமைச்சின் கீழ் வருவதால் அதற்கு வேறு வாசல்.

ஓய்வுபெற்ற படையினருக்கென்று அமெரிக்கா ஏறத்தாழ 170 மருத்துவ நிலையங்களைத் தனித் திணைக்களம் ஒன்றின் கீழ் நடத்துகிறது. அங்கு விற்பதற்கான வழிகாட்டிகள் ஏராளமாகக் கிடைத்தாலும், இங்கு நிதி பல வழிகளில் வருவதால் அவற்றைப் பார்த்து நடக்க முடியாது.

பதிவு விடயத்தில் சுருக்குவழி கிடையாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருத்துவக் கருவிகள் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதிவு செய்யப்பட வேண்டும். உடற்பயிற்சிக்காகக் கடைகளில் விற்கப்படும் கைக்கடிகாரத்தை மருத்துவக் கருவி என்று விலைமனுவில் காட்டுவது அந்த மனுவைத் தாமே நிராகரிப்பதற்கு ஒப்பாகும். புளூடூத் போன்ற வானொலி அலை வழியாகத் தரவை அனுப்பும் கருவியாயின் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியையும், விலைமனுவின் பெறுமதி 50 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் 1987ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க அரச ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழான பதிவையும் முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும்.

செயல்விளக்கத்தில்தான் பெரும்பாலான விற்பனையாளர்கள் தடுமாறுகிறார்கள். குளிரூட்டிய கூட்ட அறையில் நன்றாக ஒட்டிய மார்புப் பட்டை, வெக்கையும் உப்புக்காற்றும் நிறைந்த விடுதியில் வியர்வையால் கழன்றுவிடக்கூடும். எனவே விளக்கம் விடுதியிலேயே, முடிந்தால் வெயில் ஏறிய மதிய வேளையில் நடக்கட்டும். தோல் நிறம் பற்றிய கேள்விக்கும் ஆயத்தமாகச் செல்ல வேண்டும். 2020இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, ஒட்சிசன் குறைந்திருப்பதை விரல்வழிக் கருவிகள் காட்டத் தவறுவது வெள்ளையின நோயாளரைவிடக் கறுப்பின நோயாளரிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இருந்ததைக் காட்டியது. நம்மவர் பலரும் கருநிறத்தவர் என்பதால், கருமையான தோலில் சோதித்த தரவைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் பெறாமல் கருவியை வைத்தியரின் மேசையில் வைப்பது முறையன்று.

கருவியால் இயலாததையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் கிண்ணியாவைக் கடுமையாகத் தாக்கிய டெங்கு இம்மாவட்டத்து வைத்தியர்களுக்கு மறந்திருக்காது. அந்நோயின் ஆபத்துக் கட்டத்தில் அவர்கள் உற்றுக் கவனிப்பது இரத்த அழுத்தத்தின் மேல், கீழ் அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் சுருங்குகிறதா என்பதை. விரலில் மாட்டும் உணரி நாடியையும் ஒட்சிசனையும் காட்டுமேயன்றி அதைக் காட்டாது. இதைத் தாமாகவே முன்வந்து சொல்பவரின் மற்றைய கூற்றுகளும் நம்பப்படும்.

இனி, மிக முக்கியமானதென நான் கருதுவது. கருவி மூலதனச் செலவில் வாங்கப்படுகிறது; அதற்கு வேண்டிய மின்வாய்களும் (தோலில் பதியும் உணர்முனைகள்) ஒட்டும் பட்டைகளும் மீண்டெழும் செலவில், அதாவது அன்றாடச் செலவுக்கான வேறொரு தலைப்பிலிருந்து வாங்கப்படுகின்றன. முதல் ஒதுக்கீடு கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால், பட்டைகள் தீர்ந்த அன்றே கருவி அலுமாரிக்குள் போய்விடும். அடுத்த விலைமனுக் கோரலின்போது அந்த அலுமாரியே உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ஆகவே, ஒரு நோயாளருக்கு ஒரு நாளைக்கு எத்தனை பட்டைகள் செலவாகும், அவை எத்தனை மாதங்களில் காலாவதியாகும், வேறு நிறுவனத்தின் பட்டை பொருந்துமா என்பனவற்றை விலைமனுவிலேயே தெளிவாக எழுதிக் கொடுப்பது நன்று. திருத்த வேலைக்கும் இவ்வாறே. பழுதான கருவி 260 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கொழும்புக்குப் போய்த் திரும்பும்வரை விடுதியில் எதைப் பயன்படுத்துவது என்ற கேள்விக்கு, திருகோணமலையிலேயே இருப்பில் வைத்த மாற்றுக் கருவியே சரியான பதில்.

விலைமனுவில் கேட்கப்பட்ட விவரக்குறிப்பின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே தயாரிப்பாளரின் கையேட்டுப் பக்க எண்ணைக் குறித்துக் கொடுத்தால் தொழினுட்ப மதிப்பீட்டுக் குழுவின் வேலை குறையும். வெறுமனே ‘ஆம்’ என்று நிரப்பியவை ஐயத்தையே எழுப்பும். நோயாளரின் தரவு எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படுகிறது என்பதையும் எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவைச் சிறப்பு வகையாகவே கருதுகிறது.

அரசின் நிதியாண்டு டிசம்பர் 31உடன் முடிவதால், அடுத்த ஆண்டுக்கான மதிப்பீடுகள் தயாராகும் ஆண்டு நடுப்பகுதியிலேயே வைத்திய நிபுணரைச் சந்தித்துவிட வேண்டும். கட்டளை கிடைத்தபின் கப்பல் தாமதத்தையும் சுங்க அனுமதியையும் கணக்கில் எடுத்து, பொருட்கள் நவம்பருக்குள் களஞ்சியத்தில் ஏற்கப்பட்டு விலைச்சிட்டை கணக்குக் கிளைக்குச் சென்றுவிடுமாறு திட்டமிடுங்கள். ஒதுக்கீடு காலாவதியானால் கொடுப்பனவுக்கு அடுத்த ஆண்டின் நிதியை எதிர்பார்த்திருக்க நேரும்.