தாமேலோ, தெசீர்தேலோ: ஒட்டிய ஸ்பானியச் சொற்களைக் கடைசியிலிருந்து படியுங்கள்

ஸ்பானியம் படிக்கத் தொடங்கியவர்கள் அகராதியில் 'தாமேலோ'வைத் தேடிவிட்டு முழிப்பதுண்டு. அங்கே இருக்காது, ஏனென்றால் அது மூன்று சொற்கள் ஒட்டியது: தா (கொடு), மே (எனக்கு), லோ (அதை). தமிழருக்கு இதில் ஒரு குறுக்குவழி உண்டு. பின்னாலிருந்து படித்தால் 'அதை எனக்குக் கொடு' என்று நம் வாக்கியமே வந்துவிடும். (ஸ்பானிய 'தா'வுக்கும் நம் 'தா'வுக்கும் உறவில்லை, பொருள் தற்செயலாக ஒத்துப்போகிறது. ஸ்பானியத்தில் அதை 'பந்து'வில் வரும் 'து' போல மெதுவாக ஒலிக்க வேண்டும்.)

படி 1: வால்களைப் பழகுங்கள்

மே: என்னை, எனக்கு. தே: உன்னை, உனக்கு. நோஸ்: எங்களை, எங்களுக்கு. லோ, லா: அவனை, அவளை, அதை. பன்மைக்கு லோஸ், லாஸ். லே: அவனுக்கு, அவளுக்கு. லேஸ்: அவர்களுக்கு.

ஸ்பானியத்தில் பொருள்களுக்கும் பால் உண்டு. புத்தகம் ஆண்பால், அதனால் லோ. கடிதம் பெண்பால், அதனால் லா. மரியாதையான 'நீங்கள்' என்பதற்கும் இதே லோ, லா, லே தான். ஸ்பெயினில் 'ஓஸ்' என்று இன்னொன்றும் உண்டு. லத்தீன் அமெரிக்க ஸ்பானியம் படிப்பவர்கள் இப்போதைக்கு அதை விட்டுவிடலாம்.

படி 2: எங்கே ஒட்டும்?

மூன்று இடங்களில் மட்டும். தெசீர் (சொல்ல) போல 'ர்' என்று முடியும் மூல வடிவம், மிராந்தோ (பார்த்துக்கொண்டு) போன்ற தொடர்வினை, 'செய்' என்னும் ஏவல். 'செய்யாதே' என்றால் ஒட்டாது: நோ மே லோ திகாஸ், அதை என்னிடம் சொல்லாதே. சாதாரண வினைக்கு முன்னாலும் தனியாகத்தான் நிற்கும்: லோ கொம்ப்ரோ, அதை வாங்குகிறேன்.

படி 3: உரித்துப் பாருங்கள்

கியெரோ தெசீர்தேலோ. கடைசியிலிருந்து: லோ (அதை), தே (உனக்கு), தெசீர் (சொல்ல), கியெரோ (விரும்புகிறேன்). அவ்வளவுதான்! இதையே 'தே லோ கியெரோ தெசீர்' என்றும் சொல்லலாம், பொருள் மாறாது.

படி 4: லே ஒளிந்துகொள்ளும் இடம்

ஆரம்பத்தில் எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். 'அதை அவளுக்குக் கொடு' என்பது 'தாலேலோ' ஆக வேண்டும். ஆனால் லே, லேஸ் இரண்டும் லோ, லா, லோஸ், லாஸ் முன்னால் வந்தால் 'ஸே' ஆகிவிடும்: தாஸேலோ. அந்த ஸே அவனா, அவளா, அவர்களா, மரியாதைக்குரிய நீங்களா என்பதைப் பேச்சின் போக்கை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

படி 5: அழுத்தக் குறி

வால் சேர்ந்தாலும் வினையின் அழுத்தம் இடம் மாறாது. அதைக் காட்டத்தான் 'தாமேலோ'வை ஸ்பானியத்தில் எழுதும்போது (dámelo) a-வின் மேல் ஒரு சாய்கோடு. 'திமே' (எனக்குச் சொல்) என்பதற்குக் கோடு வேண்டாம்; 'தீமேலோ' என்று நீண்டதும் கோடு வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை: லெவாந்தாதே என்பதைப் பின்னாலிருந்து படித்தால் 'உன்னை எழுப்பு' என்று வரும். நாம் 'எழுந்திரு' என்போம். வாமோஸ் என்பதோடு நோஸ் சேர்ந்தால் நடுவில் ஒரு 'ஸ்' உதிர்ந்து வாமோனோஸ், அதாவது 'கிளம்பலாம்'.

சரி, இவற்றை நீங்களே உரியுங்கள்: எஸ்க்ரிபீர்லேஸ், மிராந்தோலா, ப்ரேஸ்தாமேலோ. முதல் இரண்டின் வினைகள் எஸ்க்ரிபீர் (எழுத), மிராந்தோ. மூன்றாவதில் ப்ரேஸ்தா (கடன் கொடு).

விடை: அவர்களுக்கு எழுத, அவளைப் பார்த்துக்கொண்டு, அதை எனக்குக் கடன் கொடு.